பிரெட் மாவு பிசையும்போது கண்ணை மூடலாமா?

கேள்வி, மே 9

ஆறு மாதமாக இரவுத் தூக்கம் சரியில்லை. ஆபீஸில் மைண்ட்ஃபுல்னெஸ் (அந்தந்த நொடியை மட்டும் கவனிக்கும் தியானம்) வகுப்பு வைத்தார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனதுதான் மிச்சம். இப்போது தியானத்தோடு பேக்கிங் என்று ஒரு ஒலிப்பதிவு கிடைத்திருக்கிறது. நாம் மாவு பிசைய வேண்டும், ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கும். கோதுமை வயல், கடற்கரை, பாட்டி வீட்டுச் சமையலறை என்று ஒவ்வொன்றாக மனதில் பார்க்கச் சொல்கிறது. யாராவது செய்து பார்த்ததுண்டா? பலன் இருக்கிறதா, வெறும் விளம்பரமா?

பதில், மே 9, இரவு

செய்து பார்த்தேன். போன மாதம் நான்கு தடவை. விளம்பரம் என்று தள்ள மாட்டேன், ஆனால் அந்தக் குரலுக்கும் என் மாவுக்கும் ஒத்துப்போகவே இல்லை.

முதல் தடவை நடந்ததை மட்டும் சொல்கிறேன். "கண்களை மெல்ல மூடுங்கள்" என்றது, மூடினேன். "கடற்கரையில் நிற்கிறீர்கள், காற்றில் உப்பு மணக்கிறது" என்றது, முகர்ந்தேன். பிசைந்து முடித்துக் கண்ணைத் திறந்தால், மைதா 500 கிராமுக்கு அளந்து வைத்த 10 கிராம் உப்பு கிண்ணத்தோடு அடுப்பு மேடையில் அப்படியே இருக்கிறது. கடல் உப்பில் மயங்கி வீட்டு உப்பை விட்டுவிட்டேன்.

உப்பில்லாத மாவு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: ஈஸ்டுக்குக் கடிவாளம் போடுவது உப்புதான். அது இல்லாவிட்டால் மாவு கட்டுப்பாடில்லாமல் பொங்கும், கையில் பிசுபிசுக்கும், வெந்த பிறகு ஈரக் காகிதத்தை மென்ற மாதிரி இருக்கும். அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு "யாருக்குப் பத்தியம்?" என்று கேட்டார்.

மே 10

நேற்று பழியை முழுக்கக் குரல் மேல் போட்டுவிட்டேன். உப்பை மறந்தது நான். அந்தக் குரல் இல்லாமலும் நான் உப்பு மறந்ததுண்டு.

ஆனால் இரண்டாம் தடவை நடந்ததற்கு அதுதான் பொறுப்பு. "இப்போது மாவு ஒன்றரை மணி நேரம் உறங்கட்டும், நீங்களும் அதோடு ஓய்வெடுங்கள்" என்றது. எந்தக் குளிர் ஊரில் உட்கார்ந்து பதிவு செய்தார்களோ. நான் இருப்பது திருச்சி. கோடை வெயில். சமையலறையில் 35 டிகிரிக்குக் குறையாது. இங்கே மாவு 40 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். ஒன்றரை மணி நேரம் சாந்தமாகப் படுத்திருந்து எழுந்து போனால், மாவு பாத்திரத்தை விட்டு இறங்கித் துணியில் ஒட்டிக் கள் வாடை அடித்துக்கொண்டிருந்தது. தட்டியதும் புஸ்ஸென்று அமுங்கியது.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு, பேக்கரிக்காரர்கள் போடுவது. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டுமென்றால் 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் அறைச் சூடு 35, மைதாவின் சூடு 34 இரண்டையும் கழித்தால் மிச்சம் 9. தண்ணீர் 9 டிகிரியில் இருக்க வேண்டும், அதாவது ஐஸ் போட்ட தண்ணீர். (இயந்திரத்தில் பிசைந்தால் உராயும் சூட்டையும் கழிக்க வேண்டும். கையால் என்றால் அதிகம் கவலைப்பட வேண்டாம்.) இந்தக் கழித்தல் கணக்குப் போடும் அரை நிமிடத்தில் எனக்கு வந்த மன அமைதி அந்தக் கடற்கரையில் வரவில்லை. வரிக் கணக்கு ஆபீஸில் இருபது வருடம் வேலை பார்த்தவள் அப்படித்தான் சொல்வாள்.

மே 12

"நேரம் பார்க்காமல் எப்படித் தெரியும்?" என்று கேட்டிருந்தவருக்கு: விரலில் மைதா தொட்டுக்கொண்டு, பொங்கிய மாவில் அரை அங்குலம் அழுத்துங்கள். பள்ளம் சட்டென்று மேலே வந்தால் இன்னும் பொறுங்கள். மெதுவாக, முழுக்க மூடாமல் வந்தால் ஓவனில் வையுங்கள். வரவே இல்லையென்றால் மேலே நான் படுத்துத் தூங்கிய கதையைப் படியுங்கள்.

மே 13

சரி, எது எனக்குப் பலன் தந்தது என்று கேட்டவர்கள் மூன்று பேர். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூன்றாம் தடவை அந்தக் குரலைப் பாதியில் நிறுத்தினேன். மாவு விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது, போனை ஒலியடக்க முழங்கையால் தேய்த்தேன். அதன் பிறகு சமையலறையில் இருந்தது ஃபேன் சத்தமும் மாவு மேடையில் அடிபடும் சத்தமும்தான்.

உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மாவைத் தள்ளும்போது மூச்சை வெளியே விட்டேன். மடித்து, கால் சுற்றுத் திருப்பும்போது உள்ளே இழுத்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. முதல் மூன்று நிமிடம் மாவு ஒரு தொல்லை. விரலிடுக்கில் புகும், மேடையில் ஒட்டும், இன்னும் கொஞ்சம் மைதா தூவு என்று கை கெஞ்சும். தூவக் கூடாது. ஆறாவது நிமிடம் போல மேல்தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகி, ஒட்டுவது தானாக நின்றது. பத்தாவது நிமிடம் காது மடலைத் தொடுவது போல ஆனது. நெல்லிக்காய் அளவு கிள்ளி இரண்டு கைவிரல்களால் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிந்தது, அந்தப் பக்கம் என் விரல் நிழல் தெரிந்தது. அந்தப் பத்து நிமிடமும் ஆபீஸ் நினைவு வரவில்லை, மகன் ஏன் போன் எடுக்கவில்லை என்ற நினைவும் வரவில்லை.

அதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அம்மாவைக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். உருண்டு நின்றால் இறக்கு. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று ஒவ்வொன்றுக்கும் இருக்கிற நேரம் சில நொடிகள்தான். அந்த நொடிகளில் வயல்வெளியைக் கற்பனை செய்தால் பாகு முறுகிவிடும். 1979ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் வழியில் மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி ஆரம்பித்தார். அதில் பேர் பெற்ற பாடம், ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, தடவி, முகர்ந்து, பிறகு மெல்ல மென்று தின்பது. அம்மாவிடம் விளக்கினேன். "ஒரு திராட்சைக்கு இவ்வளவா? கேசரிக்கு முழுப் பாக்கெட் போடணுமே" என்றார்.

மைதாவில் இருக்கிற குளூட்டன்தான் இப்படிச் சவ்வாக விரிகிறது. ஆட்டாவிலும் உண்டு, ஆனால் தவிடு அதை அறுத்துவிடும்.

மே 14

திருத்தம். மைதாவில் குளூட்டன் "இருக்கிறது" என்று எழுதியது தப்பு. இருப்பது கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள். தண்ணீர் பட்டு இரண்டும் பின்னிக்கொள்ளும்போதுதான் குளூட்டன் உண்டாகிறது. சுட்டிக்காட்டியவருக்கு ஒரு பன் பாக்கி.

மே 14, கொஞ்சம் கழித்து

மைண்ட்ஃபுல்னெஸுக்குப் பாலி மொழியில் மூலச்சொல் "சதி". தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் கிண்ணம் விஷயத்தில் எனக்கு நடந்தது தமிழ்ச் சதி.

மே 17

பெருமையாகத் தங்கையிடம் சொன்னேன்: நேற்று பிசைந்தபோது 94 தடவை தள்ளினேன், 94 மூச்சு. "எண்ணிக்கொண்டே இருந்தாயா? அது தியானம் இல்லை, ஸ்டாக் எடுப்பது" என்றாள்.

அவள் சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கம் விபாசனா தியான மையத்தில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவள். காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், பேச்சு கிடையாது, முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பது மட்டுமே. அங்கே சொல்லித்தருவது கோயங்கா என்ற ஆசிரியரின் வழி. அதில் மனதில் உருவம் எதையும் கொண்டுவரக் கூடாது, மந்திரம் எதையும் சேர்க்கக் கூடாது. இருப்பதை இருப்பது போலப் பார் என்பதுதான் பாடம். "நீ சொல்கிற ஒலிப்பதிவு இல்லாததைப் பார் என்கிறது. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பிசைந்தால் என்ன வரும்?" என்றாள்.

எனக்கு அது சரியென்றே பட்டது. ஜப்பானில் டோகென் என்ற ஜென் துறவி 1237ல் மடத்துச் சமையல்காரருக்கென்றே அறிவுரை எழுதி வைத்தார். அரிசியை உன் கையாலேயே கழுவு, ஒரு மணிகூட வீணாகக் கூடாது, கண்ணை அதிலேயே வை என்ற போக்கில் போகும். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய எங்கள் ஆச்சிக்கு இதை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

ஆக என் முடிவு: கவனம் சரி, காட்சி வேண்டாம். இழையை மூடிவிடலாம்.

மே 21

மூட விடவில்லை. "அப்படியென்றால் பூசலாரை என்ன செய்வீர்கள்?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

தெரியாதவர்களுக்கு: திருநின்றவூரில் பூசலார் என்று ஓர் ஏழை. சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனதுக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்தார், தச்சரை அமர்த்தினார், நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டார், சிகரம் வரைக்கும் எழுப்பிக் குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. சிவன் அரசன் கனவில் வந்து, "நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்" என்றார். அரசன் தேடிக்கொண்டு வந்தால் ஊரில் கோயிலே இல்லை. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்வது.

இதைவிடப் பெரிய மனக்காட்சிப் பயிற்சி உலகத்தில் எங்கே இருக்கிறது? பதில் சொல்ல இரண்டு நாள் ஆனது. அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. பூசலார் மிதந்துகொண்டிருக்கவில்லை. ஆகம முறைப்படி எதற்குப் பின் எது என்று வரிசையாகக் கட்டினார். பொருள் சேர்த்தார், ஆள் பிடித்தார், அடிநிலை, அப்புறம் மேலே. அது கடற்கரைக் கற்பனை இல்லை, வேலைத் திட்டம்.

அம்மாவும் விசேஷத்துக்கு முந்தின இரவு அப்படித்தான். விளக்கணைத்துப் படுத்த பிறகு இருட்டில் குரல் வரும்: "காலையில் முதலில் பருப்பு. அது வேகும்போது தேங்காய். பெரிய அடுப்பில் சாதம், சின்னதில் பாயசம்... வெல்லம் வடிகட்ட துணி எங்கே?" எழுந்து போய்த் துணியைத் தேடி எடுத்து வைத்துவிட்டு வந்து படுத்ததும் தூங்கிவிடுவார்.

நேற்று நானும் செய்தேன். மாவைத் தொடுவதற்கு முன் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையில் எதை எப்போது எடுப்பேன் என்று ஓட்டிப் பார்த்தேன். உப்பு மூன்றாவதாக வந்தது. டின்னில் வெண்ணெய் தடவவில்லை என்பதும், ஓவனை முன்கூட்டியே சூடாக்கவில்லை என்பதும் நாற்காலியிலேயே தெரிந்தன. மே 17 முடிவைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்: காட்சி முன்னால், கவனம் அப்புறம். கை மாவில் பட்ட பிறகு மனதில் படம் ஓடக் கூடாது.

ஒரு பின்குறிப்பு, கேள்வி கேட்டவருக்கு: பூசலார் இரவிலும் கண் மூடாமல் கட்டினார் என்கிறது பாட்டு. உங்கள் பிரச்சினை தூக்கம். அவர் வழி உங்களுக்கு வேண்டாம்.

மே 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தங்கை போன் செய்தாள். "நாற்காலியில் உட்கார்ந்தபோது டின் எந்த நிறத்தில் தெரிந்தது?" என்றாள். தெரிந்ததா? எதுவும் தெரியவில்லை. டின் இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியும், கை எப்படி நீளும் என்றுகூடத் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் எனக்குக் கறுப்புதான். "மனக்கண்ணால் பார்" என்பது பேச்சுக்குச் சொல்வது என்று ஐம்பத்திரண்டு வயது வரை நினைத்திருந்தேன். தங்கைக்கு டின்னின் நசுங்கிய மூலைகூடத் தெரிகிறதாம்!

இப்படிப்பட்டவர்கள் உண்டு. எக்ஸிடர் பல்கலைக்கழக நரம்பியலாளர் ஆடம் ஜீமன் 2015ல் இதற்கு அஃபாண்டேசியா என்று பெயர் வைத்தார். ஆனால் விஷயம் பழசு. 1880ல் ஆங்கிலேய விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் வெளியிட்ட ஆய்வுக்குப் பலரிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார்: இன்று காலை நீங்கள் உட்கார்ந்த உணவு மேசையை நினைத்துப் பாருங்கள், வெளிச்சமாக இருக்கிறதா, நிறம் தெரிகிறதா? சிலர் எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது என்றார்கள். சிலர் ஒன்றுமே தெரியவில்லை என்றார்கள், அவர்களில் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். பிரெட் இருந்த மேசையிலிருந்துதான் இந்த ஆராய்ச்சியே தொடங்கியது என்பது நம் இழைக்குப் பொருத்தம்.

அதனால் இதுவரை நான் சொன்னதில் ஒரு பங்கு கழித்துப் படியுங்கள். கடற்கரையே தெரியாதவள் கடற்கரையைக் குறை சொல்லியிருக்கிறேன். படம் தெரிகிறவர்களுக்கு அந்த ஒலிப்பதிவு வேறு மாதிரி இருக்கலாம். தங்கை அதைக் கேட்டுக்கொண்டே பிஸ்கட் மாவு தேய்த்தாள், சுகமாக இருந்தது என்றாள். பிஸ்கட்டும் நன்றாகவே வந்தது, சொல்ல மனமில்லை.

மே 22, மதியம்

எனக்கு மணம் மட்டும் வரும். பட்டை, ஜாதிக்காய் என்று யாராவது எழுதினாலே மூக்கில் நிற்கும். அதே 1880ல்தான் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு பிஸ்கட் ஆலை தொடங்கினார். 1883ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக்கை ருசி காட்டி, இதே போல ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டாராம். பாபு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சரக்கை ஊற்றி, செய்தே காட்டினார் என்று அங்கே கதை சொல்வார்கள். அவருக்கு மனதில் படம் தெரிந்ததோ என்னவோ, நாக்கில் இருந்தது.

மே 24

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: "பிரெட் பிரெட் என்று எழுதுகிறீர்கள், பாண் என்று ஒரு சொல் இருக்கிறது, ஓவனுக்குப் போறணை என்று ஒரு சொல் இருக்கிறது." இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை. போறணை என்று சொன்னாலே விறகு வாசனை வருகிறது. என் வீட்டில் இருக்கிற 40 லிட்டர் ஓடிஜி மின்சார ஓவனுக்கு அந்தப் பெயர் தாங்காது.

மே 29

வலது தோள் பிடித்துக்கொண்டது. பிசையக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் உத்தரவு. இவ்வளவு எழுதியதெல்லாம் கை இருந்தால்தானே?

வழி இருக்கிறது. நியூயார்க் பேக்கர் ஜிம் லேஹியின் பிசையாத பிரெட், 2006 நவம்பரில் பத்திரிகையில் வந்து உலகமெல்லாம் பரவியது. மாவு, உப்பு, கால் டீஸ்பூன் ஈஸ்ட், தாராளமாகத் தண்ணீர், ஒரு கரண்டியால் கலந்து மூடிவைத்து 12 முதல் 18 மணி நேரம் விட்டுவிட வேண்டும். நேரமே பிசைந்துவிடுகிறது. நான் செய்த அளவு: மைதா 400 கிராம், தண்ணீர் 300, உப்பு 8. திருச்சிக்கு 18 மணி நேரம் என்றால் அது கள்ளுக்கடை. இரவு 10 மணிக்குக் கலந்தால் காலை 6 மணிக்கு முகமெல்லாம் குமிழியாக நிற்கிறது. இட்லி மாவுக்கு ஊரில் எத்தனை மணி நேரமோ, ஏறக்குறைய அதுதான்.

இதில் எனக்கு ஒரு குழப்பம். கை வேலையே இல்லையென்றால் கவனம் எங்கே வைப்பது? பாத்திரத்துக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஒரு குமிழி உடைந்தது. அதோடு போனை எடுத்துவிட்டேன். பதம் பார்ப்பது என்று நான் பெரிதாக எழுதியதில் பாதி, கைக்கு வேலை இருந்ததால் வந்ததுதானோ என்று இப்போது சந்தேகம். தங்கையிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

ஜூன் 2

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஒலிப்பதிவை விட்டுவிட்டாராம், வாரம் இரண்டு நாள் பிசைகிறாராம், பிரெட் நன்றாக வருகிறது, தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. எத்தனை மணிக்குப் பிசைகிறீர்கள் என்று கேட்டேன். இரவு 11. ஓவனிலிருந்து எடுப்பது ஒன்றரை மணிக்கு. சூடாக ஒரு துண்டு, அதோடு ஒரு ஃபில்டர் காபி.

ஐயா, காபி.

அப்புறம் ஒன்று, சிரிப்புக்கில்லாமல்: ஆறு மாதமாகத் தூக்கம் இல்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணை மூடினால் படபடப்பு அதிகமாகிறது என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதையும் அவரிடம் சொல்லுங்கள். எங்களிடம் இருப்பது மைதாதான்.

ஜூன் 8

பிசையாத பிரெட், நாலாவது முயற்சி. கனமான இரும்புச் சட்டியை மூடியோடு ஓவனிலேயே 230 டிகிரியில் அரை மணி நேரம் காயவிட்டு, மாவை உள்ளே இறக்கி, மூடி 30 நிமிடம், திறந்து 15 நிமிடம். மாவு விடுகிற ஆவி மூடிக்குள் நிற்பதால் மேல்தோல் உடனே இறுகாமல் நன்றாக எழும்புகிறது. நிறம் கருப்பட்டி.

வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் வைத்தேன். ஆறும்போது மேல்தோல் சுருங்கி வெடிக்கும், அந்தச் சத்தம் கேட்கும் என்று படித்திருக்கிறேன், ஒரு தடவையும் கேட்டதில்லை. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் எப்படிக் கேட்கும்? அணைத்தேன். அம்மாவையும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் தட்டுக்கு மேல் குனிந்து நின்றோம். சட், சட்... அப்புறம் நெருக்கமாக, எண்ணெயில் கடுகு அடங்கிவருகிற நேரத்து மாதிரி. தோலில் ஒரு விரிசல் ஓடியதைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டாச்சு இல்லையா? ஃபேனைப் போடு."